பி.எட். டீச்சிங் பிராக்டீஸ் போறீங்களா, ரெக்கார்டை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க

வருஷா வருஷம் எங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல ஏழெட்டு பேர் வந்து நிப்பாங்க. கையில புது ஃபைல், கஞ்சி மொடமொடப்பு கலையாத காட்டன் சேலை, பையங்கன்னா இன் பண்ண சட்டையும் கழுத்துல ஐடி கார்டும். நாங்க நிமிர்ந்து பாக்குறதுக்கு முன்னாடியே ஆறாப்பு பசங்க "ட்ரெய்னிங் டீச்சர் வந்துட்டாங்கடோய்"னு கத்திக்கிட்டு வராண்டாவுல ஓடிருப்பானுங்க. நானும் ஒரு காலத்துல அப்படி நின்னவதான், இப்ப பல வருஷமா சயின்ஸ் எடுத்துக்கிட்டு வர்ற ட்ரெய்னீங்களுக்கு கைடு டீச்சராவும் இருக்கேன். எல்லாரும் வந்ததும் கேக்குற மொத கேள்வி ஒண்ணுதான், "மேடம் எத்தனை லெசன் பிளான் எழுதணும், எத்தனை சார்ட் போடணும்". கிளாஸ்ல என்ன பண்ணணும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அதனாலதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ போட்டு வச்சுக்கோங்க.

முதல்ல கணக்கு தெரிஞ்சுக்கோங்க. 2015-ல இருந்து பி.எட். ரெண்டு வருஷம், ஆசிரியர் படிப்புகளுக்கு ரூல் போடற தேசிய கவுன்சில் என்.சி.டி.இ. 2014-ல போட்ட ரூல் அது, அதுக்கு முன்னாடி எங்க காலத்துல எல்லாம் ஒரே வருஷத்துல முடிஞ்சிடும். இப்ப மொத்தம் 20 வாரம் ஸ்கூல்ல இருக்கணும், முதல் வருஷம் 4 வாரம், ரெண்டாம் வருஷம் 16 வாரம். முதல் வருஷத்து 4 வாரம் பெரும்பாலும் பாக்குறதுக்கும் பழகுறதுக்கும், ரெண்டாம் வருஷத்து 16 வாரம்தான் நிஜமான டீச்சிங். 16 வாரம்னா வாரத்துக்கு 5 நாள்னு வச்சாலும் 80 நாள் ஆச்சு, பாதிப்பேர் இத காலேஜ் அட்டெண்டன்ஸ் மாதிரி நெனச்சுக்கிட்டு எப்படியாவது ஓட்டிடலாம்னு வர்றாங்க, ஆனா ஸ்கூல் அப்படி ஓடாது, நீங்க வரலைன்னா அந்த பீரியடுக்கு யாராவது ஒருத்தர் தன்னோட ஃப்ரீ பீரியட விட்டுக்கொடுத்துட்டு போகணும், அந்தக் கோவம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்.

ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடி காலேஜ்லயே மைக்ரோ டீச்சிங் இருக்கும், நுண்ணிலை கற்பித்தல்னு நோட்ல எழுதுவீங்க. 1963-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது. ஒரே ஒரு திறன மட்டும் எடுத்துக்கிட்டு அஞ்சு பத்து பேர் முன்னாடி குட்டியா ஒரு பாடம் நடத்தணும், தொடங்குதல் திறன், விளக்குதல் திறன், கிளர்வினா (பதில மேல மேல தோண்டிக் கேக்கறது), பல்வகைத் தூண்டல், வலுவூட்டல், கரும்பலகை, முடித்தல்னு ஒவ்வொண்ணா. நம்ம நாட்டு முறைல ஒரு சுத்து 36 நிமிஷம்: 6 நிமிஷம் நடத்தணும், 6 நிமிஷம் கூட இருக்கறவங்க குறை சொல்லுவாங்க, 12 நிமிஷம் பிளான மாத்தி எழுதணும், திரும்ப 6 நிமிஷம் நடத்தணும், திரும்ப 6 நிமிஷம் குறை கேக்கணும். நெசத்துல என்ன நடக்குதுன்னா முதல் 6 நிமிஷத்தோட முடிச்சுட்டு "சூப்பர்டி"ன்னு கைதட்டிட்டு மீதி 30 நிமிஷத்த ரெக்கார்டுல மட்டும் எழுதிடறாங்க. தயவுசெஞ்சு அந்த ரெண்டாவது தடவைய விட்டுடாதீங்க, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. மூக்கு மேல கோவம் வந்தாலும் பரவால்ல, உங்க கிளாஸ்லயே நாக்கு கொஞ்சம் நீளமான ஃப்ரெண்டு ஒருத்திய பிடிச்சு முன்னாடி உக்கார வைங்க. எனக்கு அப்படி ஒருத்தி இருந்தா, நான் 6 நிமிஷத்துல 19 தடவை "ஓகே"ன்னு சொன்னேன்னு கோடு போட்டு எண்ணிக் காட்டினா. அன்னைக்கு அவகூட பேசல, ஆனா அந்த "ஓகே" அன்னையோட போச்சு.

மொத நாள்

நேரா ஹெச்.எம். ரூமுக்கு போங்க, காலேஜ் குடுத்த லெட்டர குடுங்க, ப்ரேயருக்கு முன்னாடியே வந்துடுங்க. ப்ரேயர்ல பின்னாடி நின்னு போன் நோண்டாதீங்க, ஆயிரம் கண்ணு உங்க மேலதான் இருக்கும். ஸ்டாஃப் ரூம்ல காலியா இருக்கற சேர்ல டக்குனு உக்காராதீங்க, இது எந்த சிலபஸ்லயும் கிடையாது ஆனா இதவிட முக்கியமானது கம்மி, ஒவ்வொரு சேரும் இருபது வருஷமா யாரோ ஒருத்தரோடது. "நான் எங்க உக்காரட்டும் டீச்சர்"னு கேட்டுட்டா முடிஞ்சுது, அவங்களே இடம் காட்டிடுவாங்க, மத்தியானம் பொரியலும் குடுப்பாங்க. டைம் டேபிள காப்பி பண்ணிக்கோங்க, உங்க கைடு டீச்சருக்கு எந்த எந்த பீரியட் எந்த கிளாஸ்னு குறிச்சு வைங்க, எந்தப் பாடம் வரைக்கும் ஓடிருக்குன்னு கேளுங்க. பத்தாப்பு, பிளஸ் டூ கேட்டு அடம்பிடிக்காதீங்க, பப்ளிக் எக்ஸாம் இருக்கறதால பெரும்பாலும் தரமாட்டாங்க, 6-லேர்ந்து 9-தான் கிடைக்கும். கைடு டீச்சர் கொஞ்சம் முகத்த உம்முன்னு வச்சிருந்தா உங்க மேல கோவம்னு நெனைக்க வேண்டாம், போர்ஷன் முடியுமா, நீங்க போனப்புறம் இதையெல்லாம் மறுபடி நடத்த வேண்டி வருமோன்ற பயம்தான் அது. எனக்கும் இருக்கு. நீங்க எடுக்கப்போற ரெண்டு பாடத்தையும் எந்தத் தேதிக்குள்ள முடிப்பீங்கன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மொத வாரமே குடுத்துப்பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு.

கடைசி பெஞ்ச்

அப்சர்வேஷன்னு ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க, உற்றுநோக்கல் பதிவேடு. எல்லாரும் எழுதறது ஒரே மாதிரிதான், "ஆசிரியர் பாடத்தைத் தெளிவாக விளக்கினார், மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்", பத்து பக்கத்துக்கும் இதேதான், தேதி மட்டும் மாறும். இத எழுதறதுக்கு கிளாசுக்கே வர வேண்டாமே. நான் என்கிட்ட வர்றவங்களுக்கு சொல்றது ஒண்ணுதான், என்னைப் பாக்காதீங்க, பசங்களப் பாருங்க. ஒரு வாரம் ஒரே கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து ஒரு நாளைக்கு மூணு பிள்ளைங்கன்னு எடுத்துக்கோங்க, 40 நிமிஷமும் அந்த மூணு பேர் என்ன பண்றாங்கன்னு மட்டும் எழுதுங்க.

போன வருஷம் வந்த ஒரு பொண்ணு அப்படி எழுதினத நான் படிச்சேன். ஒரு பையன் போர்டுல எழுதறத நோட்ல எழுதறதுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருதடவை தலைய தூக்கிப் பாக்காம பக்கத்துல இருக்கறவன் நோட்ட பாத்தே எழுதறான், பக்கத்துப் பையன் தப்பா எழுதினா இவனும் அதே தப்பு. அந்தப் பொண்ணு இத எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தா. எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு, நாலு மாசமா அந்தப் பையன் சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் நானு. கண்ணு டெஸ்ட் பண்ணினா பவர் இருக்கு, கண்ணாடி வாங்கிக் குடுத்தாச்சு, இப்ப மூணாவது பெஞ்சுல உக்காந்து நல்லா எழுதறான். முப்பது வருஷ சர்வீஸ் டீச்சருக்கும் இது தப்பிப்போகும், ஏன்னா நாங்க போர்டு பக்கம் நிக்கறோம், அங்கேர்ந்து பாத்தா எல்லா தலையும் ஒண்ணுபோலத்தான் தெரியும். ட்ரெய்னிங்ல மட்டும்தான் உங்களுக்கு கடைசி பெஞ்சுல சும்மா உக்கார சம்பளமில்லாத உரிமை உண்டு. வேலைக்கு வந்தப்புறம் கிடைக்காது.

உக்காந்துக்கிட்டே சீட்டிங் பிளான் வரைஞ்சுடுங்க, ஒவ்வொரு பெஞ்சுக்கும் பேர். மூணு நாள்ல 40 பேரும் மனப்பாடம் ஆகணும். "ஏய் ஊதா ரிப்பன்", "மூணாவது பையா எந்திரி"ன்னு கூப்பிடறதும் "கார்த்திகா, நீ சொல்லு"ன்னு கூப்பிடறதும் ஒண்ணில்ல, பேர் தெரிஞ்ச டீச்சர் முன்னாடி சேட்டை பாதியா குறையும்.

லெசன் பிளான்

பொது நோக்கம், சிறப்பு நோக்கம், முன்னறிவு, ஊக்கமூட்டல், ஆசிரியர் செயல், மாணவர் செயல், துணைக்கருவி, மதிப்பீடு, வீட்டுப்பாடம். கட்டம் போட்டு எழுதறதெல்லாம் காலேஜ்ல சொல்லிக்குடுத்திருப்பாங்க, அதுல நான் போகல. ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, நோக்கத்துல "மாணவர்கள் அமிலத்தைப் பற்றி அறிந்து கொள்வர்"னு எழுதறீங்க பாருங்க, அறிஞ்சுக்கிட்டானா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மண்டைய திறந்தா பாக்க முடியும். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு வேலைய எழுதுங்க, "வீட்டில் உள்ள ஆறு பொருள்களை அமிலம், காரம் எனப் பிரித்து எழுதுவர்". இப்ப பீரியட் முடியறப்ப நோட்ட பாத்தா தெரிஞ்சிடும், பிரிச்சிருக்கானா இல்லையா. கல்வி உளவியலாளர் ப்ளூம் 1956-ல கற்றல் நோக்கங்கள படிப்படியா வச்சுப் போட்ட அடுக்கு, அத 2001-ல திருத்தி நினைவில் கொள்ளுதல்ல ஆரம்பிச்சு உருவாக்குதல்ல முடிச்சது எல்லாம் பரிச்சைக்கு படிச்சிருப்பீங்க, அதோட மொத்த உபயோகமும் இந்த ஒரு வினைச்சொல்ல சரியா எழுதறதுலதான் இருக்கு. அந்த வினைச்சொல் சரியா விழுந்துட்டா மதிப்பீட்டுக் கேள்வியும் வீட்டுப்பாடமும் தானா வந்துடும்.

ரெண்டாவது, ஊக்கமூட்டல். பத்துக்கு எட்டு பேர் "காலையில என்ன சாப்டீங்க"ன்னு ஆரம்பிக்கறாங்க, எந்தப் பாடமா இருந்தாலும் சரி, ஊட்டச்சத்துன்னாலும் அதான் விவசாயம்னாலும் அதான். அத கேக்காதீங்கப்பா. அரசோட காலை உணவுத் திட்டம் 1-லேர்ந்து 5 வரைக்கும்தான், உங்க எட்டாப்பு கிளாஸ்ல வெறும் வயித்தோட வந்த நாலு பேராவது இருப்பாங்க, அவங்க "இட்லி டீச்சர்"னு பொய் சொல்லுவாங்க, பாடம் ஆரம்பிக்கறதே பொய்யில.

எட்டாப்பு அமிலமும் காரமும் நான் எப்படி ஆரம்பிப்பேன்னு சொல்றேன், எடுத்துக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி, வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்த மஞ்சத்தூள் அரை ஸ்பூன், கலக்கினா மஞ்ச கலர். ஒண்ணும் பேசாம வெத்தலைக்கு போடற சுண்ணாம்ப சுண்டுவிரல் நுனி அளவுக்கு எடுத்து அதுல கலக்குவேன், அப்படியே ரத்தச் செகப்பு ஆயிடும். கிளாஸ் "ஏஏஏய்"னு ஒரு சத்தம் போடும் பாருங்க. யாராவது ஒருத்தி கண்டிப்பா சொல்லுவா, "டீச்சர் இது ஆரத்தி". அவள விட்டே சொல்லச் சொல்லுவேன், கல்யாண வீட்டுல எப்ப சுத்துவாங்க, எப்படி கலக்குவாங்கன்னு. ஆரத்தி பழக்கமில்லாத வீட்டுப் பிள்ளைங்களும் இருப்பாங்க, அதனாலதான் டம்ளர் கண்ணு முன்னாடி இருக்கணும், வாயால மட்டும் "ஆரத்தி பாத்திருப்பீங்கல்ல"ன்னு கேட்டா அந்தப் பிள்ளைங்க வெளிய நிக்கும். அப்புறம் எலுமிச்சம்பழத்த ரெண்டா வெட்டி ஒரு மூடிய அந்தச் செகப்புத் தண்ணில பிழிய பிழிய மறுபடியும் மஞ்சளா திரும்பும். இப்ப "ஏன்?"னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நிக்கணும். காரம்ன வார்த்தையும் அமிலம்ன வார்த்தையும் அதுக்கப்புறம்தான் போர்டுக்கு வரணும். இதுக்கு செலவு பத்து ரூபா இருக்குமா, நீங்க எழுநூறு எண்ணூறு குடுத்து கடைல சார்ட் வாங்கறீங்க. அப்புறம் எந்த டெமோவா இருந்தாலும் மொத நாள் ராத்திரி வீட்டுல ஒருதடவை பண்ணிப் பாத்துட்டு வாங்க, சுண்ணாம்பு காஞ்சுபோய் கல்லு மாதிரி இருந்து பசங்க முன்னாடி டம்ளர சுரண்டிக்கிட்டு நின்னவங்கள பாத்திருக்கேன்.

நேரமும் போட்டு வைங்க, ஓரத்துல பென்சில்ல, 5 நிமிஷம், 10 நிமிஷம்னு. என்னோட மொத கிளாஸ் கதை வேணுமா. 45 நிமிஷ பாடத்த படபடப்புல 14 நிமிஷத்துல முடிச்சிட்டேன். வாட்ச்ச பாக்கறேன், பசங்க என்னைப் பாக்குறாங்க, கைடு டீச்சர் பின்னாடி உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டே சிரிக்கறாங்க. "ரீவைஸ் பண்ணலாமா"ன்னு அதே பாடத்த மறுபடி மொதல்லேர்ந்து சொன்னேன், அதுவும் 9 நிமிஷம்தான் வந்துச்சு. அப்புறம் பாட்டு பாடச் சொன்னேன்! அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் பிளானோட கடைசில "நேரம் மிச்சமானா"ன்னு ரெண்டு வரி எழுதி வச்சிருக்கேன், ஒரு புதிர், இல்லன்னா பசங்களே கேள்வி தயாரிச்சு அடுத்த வரிசைய கேக்கறது.

போர்டு

மேல வலது மூலைல தேதி, வகுப்பு, பதிவு (மொத்தம் எத்தனை பேர்), வருகை (வந்தது எத்தனை பேர்). நடுவுல பாடத்தலைப்பு. மனசுக்குள்ள போர்டுக்கு ஒரு கோடு கிழிச்சுக்கோங்க, இடது பக்கம் எழுதினது பீரியட் முடியற வரைக்கும் நிக்கணும், வலது பக்கம் எழுதி எழுதி அழிக்கறதுக்கு. சாக்பீஸ பாதியா உடைச்சு சாய்ச்சு பிடிச்சா கீச்சுனு சத்தம் வராது. அழிக்கறப்ப மேலேர்ந்து கீழ அழிங்க, குறுக்க விசிறினா தூசி முன் பெஞ்சு பிள்ளைங்க மூஞ்சில. எழுதறப்ப முதுகு காட்டி அஞ்சு நிமிஷம் நிக்காதீங்க, ரெண்டு வரி எழுது, திரும்பு, பேசு, மறுபடி எழுது. கிளாஸ் இல்லாத நேரத்துல காலி ரூமுக்கு போய் பெருசா எழுதிட்டு கடைசி பெஞ்சுல போய் உக்காந்து உங்க எழுத்த நீங்களே படிச்சுப் பாருங்க, வெக்கமா இருக்கும், பரவால்ல. சில ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு இருக்கு, கரண்ட் போனா என்ன பண்றதுன்னு யோசிச்சு வச்சுட்டு யூஸ் பண்ணுங்க.

கேள்வி கேக்கறது

"புரியுதா?"ன்னு கேட்டா "புரியுது டீச்ச்ச்சர்"னு ராகமா வரும். அது பதிலே கிடையாது, அது ஒரு பாட்டு, ஒண்ணாப்புலேர்ந்து பாடிப் பழகினது. அத நம்பிட்டு அடுத்த பக்கம் போனவங்கதான் டெஸ்ட் பேப்பர் திருத்தறப்ப அழுவாங்க. புரியுதான்னு கேக்கறதுக்கு பதிலா ஏதாவது செய்யச் சொல்லுங்க, "சோப்புத் தண்ணில மஞ்சத்தூள் தடவின பேப்பர நனைச்சா என்ன கலர் ஆகும், நோட்ல எழுது, பக்கத்துல காட்டாத". ஒரு நிமிஷம் சுத்தி வந்தா யாருக்கு புரிஞ்சுது யாருக்கு புரியலன்னு பளிச்சுனு தெரியும்.

கேள்விய மொதல்ல கிளாஸ் மொத்தத்துக்கும் போடுங்க, அப்புறம் கொஞ்சம் நிறுத்துங்க, அப்புறம் பேர சொல்லுங்க. பேர மொதல்ல சொல்லிட்டா மத்த 39 பேரும் அப்பாடான்னு படுத்துடுவாங்க. அந்த நிறுத்தறது இருக்கே, அதான் ரொம்பக் கஷ்டம், மூணு செகண்ட் அமைதி மூணு மணி நேரம் மாதிரி இருக்கும், உங்க வாயே பதில சொல்லத் துடிக்கும், நாக்க கடிச்சுக்கிட்டு நில்லுங்க. தப்பா சொன்னா "உக்காரு"ன்னு சொல்லாதீங்க, ஏன் அப்படி தோணுச்சுன்னு கேளுங்க. ஒருதடவை ஒருத்தன் உப்பு அமிலம்னு சொன்னான், ஏண்டான்னா "கண்ணுல பட்டா எரியுது டீச்சர்"னான். அவன் கணக்குப்படி அது சரிதான! மொளகாப்பொடியும் அமிலம்தான் அவனுக்கு. அதுலேர்ந்து பதினஞ்சு நிமிஷம் பாடம் போச்சு, அன்னைக்கு என் பிளான்ல எழுதினது எதுவுமே நடக்கல, ஆனா அந்த வருஷம் அந்தக் கிளாஸ்ல ஒருத்தனும் அமிலத்தையும் எரிச்சலையும் போட்டு குழப்பிக்கல.

சேட்டை

ட்ரெய்னிங் டீச்சர்னாலே பசங்களுக்கு தீபாவளி. உங்க ஊர் என்ன, கல்யாணம் ஆயிடுச்சா, போன் நம்பர் தாங்க, எல்லாம் வரும். சிரிச்சுக்கிட்டே ஊர் பேர சொல்லிட்டு மத்தத விட்டுடுங்க, நம்பர் கண்டிப்பா குடுக்காதீங்க, இன்ஸ்டா ஐடியும்தான்.

அடிக்கறது பத்தி ஒரே வரி: கூடவே கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவுல உடம்ப வருத்தற தண்டனையும் மனச நோகடிக்கறதும் ரெண்டுமே தடைன்னு இருக்கு. முட்டி போட வைக்கறது, வெளிய வெயில்ல நிக்க வைக்கறது, "உங்க அப்பன் மாதிரியே நீயும்"னு பேசறது எல்லாம் அதுக்குள்ளதான் வரும். "இந்தாங்க டீச்சர் வச்சுக்கோங்க"ன்னு யாராவது குச்சி குடுத்தாலும் மேஜைல வச்சுட்டு வந்துடுங்க.

அப்ப என்னதான் பண்றது. கத்தாதீங்க, நீங்க கத்தினா அவங்க உங்க சத்தத்துக்கு மேல பேசுவாங்க, தொண்டை உங்களுதுதான் போகும். பேசிக்கிட்டே இருக்கற பையன் பக்கத்துல போய் நின்னு பாடத்த தொடருங்க, அவன பாக்கக்கூட வேண்டாம், தானா அடங்குவான். ரொம்ப துறுதுறுன்னு இருக்கறவன் கையில ஒரு வேலை குடுங்க, போர்டு அழிக்கறது, டம்ளர் பிடிக்கறது, நோட் வாங்கி அடுக்கறது. கிளாஸ் மொத்தமும் கையை விட்டுப் போயிடுச்சுன்னா சாக்பீஸ கீழ வச்சுட்டு சும்மா நில்லுங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள அவங்களே "டேய் டீச்சர் பாக்குறாங்கடா"ன்னு ஒருத்தர ஒருத்தர் அடக்குவாங்க. நடக்கலைன்னா கைடு டீச்சர்ட்ட சொல்லுங்க, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு, பிள்ளை ஏதாவது பயந்துபோய் உங்ககிட்ட மட்டும் வந்து வீட்டு விஷயமோ உடம்பு விஷயமோ சொல்லுச்சுன்னா அத நீங்களே மூடி வச்சுக்கக்கூடாது, ஸ்டாஃப் ரூம்ல கதையாவும் பேசக்கூடாது, அன்னைக்கே ஹெச்.எம்.கிட்ட போங்க. 1098 குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன், அந்த நம்பர நோட்ல எழுதி வச்சுக்கோங்க.

காலேஜ்லேர்ந்து பாக்க வர்றப்ப

இங்கதான் எல்லாரும் ஒரு தில்லாலங்கடி வேலை பண்ணுவாங்க. நாளைக்கு சூப்பர்வைசர் வர்றாங்கன்னு தெரிஞ்சா இன்னைக்கே அந்தப் பாடத்த நடத்தி, கேள்வி பதில் எல்லாம் சொல்லிக்குடுத்து, யார் கை தூக்கணும்னு கூட ஒத்திகை பாத்துடறது. ஒரு தம்பி இப்படித்தான் பண்ணினாரு, மறுநாள் மேடம் பின்னாடி வந்து உக்காந்தாச்சு. இவரு ஆர்வத்தத் தூண்டற மாதிரி குரல மாத்தி "இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நெனைக்கறீங்க?"ன்னு கேட்டாரு. முதல் பெஞ்சு பையன் எந்திரிச்சு, "காந்தம் சார், நேத்து காட்டினீங்களே அதான". கிளாஸ் சிரிக்குது, மேடம் பேனாவ மூடிட்டாங்க. அதவிட ஒரு பிள்ளை, கேள்வி பாதி வர்றதுக்குள்ளயே பதில சொல்லி முடிச்சிருச்சு.

புதுப் பாடமே நடத்துங்க, தப்பு வந்தா வரட்டும். பின்னாடி உக்காந்து பாக்கறவங்களுக்கு தப்பில்லாத கிளாஸ் வேண்டாம், தப்பு வந்தப்ப நீங்க என்ன பண்றீங்கன்னுதான் பாப்பாங்க. கிளாஸ் முடிஞ்சதும் அவங்க சொல்ற குறைக்கு பதில் பேசாதீங்க, எழுதிக்கோங்க, அடுத்த பிளானோட தலைல அந்த ஒரு குறைய மட்டும் செகப்பு மைல எழுதிட்டு அன்னைக்கு அத மட்டும் சரிபண்ணப் பாருங்க. ஒரே நாள்ல ஏழு குறைய சரிபண்ண நெனச்சா பேசற பேச்சே மறந்துபோகும்.

டெஸ்ட் வச்சு திருத்தறது

நடத்தின பாடத்துக்கு நீங்களே ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணணும், அதுக்கு முன்னாடி ப்ளூபிரிண்ட், எந்த நோக்கத்துக்கு எத்தனை மார்க், எந்த வகை கேள்வி எத்தனைன்னு கட்டம் போட்டு. பெரும்பாலானவங்க கேள்விய எழுதிட்டு அப்புறமா அதுக்கு ஏத்த மாதிரி ப்ளூபிரிண்ட் வரையறாங்க, வீட்ட கட்டிட்டு பிளான் அப்ரூவல் வாங்கற மாதிரி. ஸ்கூல்ல மார்க் கணக்கு எப்படின்னும் தெரிஞ்சுக்கோங்க, முப்பருவ முறை இருக்கற வகுப்புகள்ல வளரறி மதிப்பீடு (பாடம் நடக்கறப்பவே போடற மார்க்) அ, ஆ ரெண்டுக்கும் 20, 20, தொகுத்தறிக்கு (பருவக் கடைசிப் பரிச்சைக்கு) 60.

திருத்தி முடிச்சதும் சராசரி, இடைநிலை எல்லாம் போட்டு கிராஃப் வரைவீங்க, சரி. அதவிட உபயோகமான வேலை ஒண்ணு இருக்கு, ஒரு ரஃப் தாள்ல கேள்வி நம்பர் வரிசையா எழுதி ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் தப்புன்னு கோடு போட்டு எண்ணுங்க. 38 பேர்ல 31 பேர் ஏழாவது கேள்வில தப்புன்னா அந்த 31 பேரும் படிக்கலன்னு அர்த்தமில்ல, அன்னைக்கு நீங்க அத ஒழுங்கா நடத்தலன்னு அர்த்தம். மறுநாள் அத மட்டும் வேற மாதிரி எடுங்க. அஞ்சு பேர்தான் தப்புன்னா அந்த அஞ்சு பேர மட்டும் மத்தியானம் கூப்பிட்டு உக்கார வைங்க. குறைதீர் கற்பித்தல்னு ரெக்கார்டுல வர்றது இதான், வேற ஒண்ணுமில்ல.

ரெக்கார்டு

கேஸ் ஸ்டடி (ஒரே பிள்ளைய ஆழமா பாத்து எழுதறது), ஆக்‌ஷன் ரிசர்ச் (கிளாஸ்ல இருக்கற ஒரு பிரச்சனைய நீங்களே சரிபண்ணிப் பாத்து எழுதறது), சைக்காலஜி, டெஸ்ட், துணைக்கருவி, ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்னு ஒரு மூட்டை வரும். எழுதித்தர்றதுக்குன்னே ஆள் இருக்காங்க, ஜெராக்ஸ் கடைல கேட்டா நம்பர் குடுப்பாங்க. வாங்கினா யாரும் ஜெயில்ல போடப்போறதில்ல, எக்ஸாமினர் "இந்தப் பையன எப்படி தேர்ந்தெடுத்தீங்க"ன்னு ஒரு கேள்வி கேட்டா முழி பிதுங்கும், அவ்ளோதான்.

கேஸ் ஸ்டடிக்கு பிள்ளைய தேடறப்ப எல்லாரும் "பிரச்சனைப் பையன் யாரு"ன்னுதான் கேக்கறாங்க. வாயே திறக்காத ஒரு பொண்ணு மூலைல உக்காந்திருக்கும், அத எடுங்க. பேர மாத்தி எழுதுங்க, சாதி, அப்பா குடிக்கறாரா இதெல்லாம் பிள்ளைகிட்ட நேரா கேக்காதீங்க, போட்டோ ஒட்டாதீங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அந்தக் கிளாஸ் போட்டோவும் வேண்டாம். ஆக்‌ஷன் ரிசர்ச்சுக்கு பெரிய தலைப்பா எடுத்து மாட்டிக்காதீங்க, "ஏழாம் வகுப்பில் கற்றல் அடைவை மேம்படுத்துதல்"னு எடுத்தா பத்து வருஷம் ஆகும். "ற, ர மாத்தி எழுதற எட்டு பிள்ளைங்களுக்கு தினம் பத்து நிமிஷம் சொல்வதெழுதுதல் வச்சா மூணு வாரத்துல என்ன மாறுது"ன்னு எடுங்க, முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட். மாறலைன்னாலும் மாறலைன்னே எழுதுங்க, அதுக்கு மார்க் குறைக்கற எக்ஸாமினர நான் இதுவரைக்கும் பாக்கல.

டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்வி டிப்ளமோ, படிக்கறவங்க தொடக்கப்பள்ளிக்கு போவீங்க, அங்க கதையே வேற. 2022-லேர்ந்து சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படைலேர்ந்து சொல்லிக்குடுக்கற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததால பிள்ளைங்க அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிஞ்சு உக்காந்திருப்பாங்க, ஒரே ரூம்ல ரெண்டு மூணு வகுப்பும் சேந்து இருக்கும், நீங்க ஒரு குரூப்புக்கு பாட்டு சொல்லிக்குடுக்கறப்ப அடுத்த குரூப்பு கையில வேலை இருந்தாகணும், இல்லன்னா அஞ்சு நிமிஷத்துல ஒருத்தன் ஜன்னல்ல ஏறி நிப்பான். அங்க போறவங்க பேசற பிளான விட கொடுக்கற வேலைய பிளான் பண்ணிட்டு போங்க.

கடைசி வாரத்துல பசங்க கார்டு வரைஞ்சு தருவாங்க, மூணு ரூபா பேனா தருவாங்க, சில பேர் அழுவாங்க, நீங்களும் அழுவீங்க. அந்த மயக்கத்துல பாதிப்பேர் முக்கியமானத விட்டுட்டு போயிடுவாங்க, அப்புறம் ஸ்கூல் லீவுல எனக்கு போன் வரும். திருத்தின டெஸ்ட் பேப்பர திருப்பிக் குடுத்தாச்சா, லைப்ரரி புக்கும் லேப் சாமானும் எண்ணி ஒப்படைச்சாச்சா, நீங்க எந்தப் பக்கத்துல நிறுத்தினீங்கன்னு கைடு டீச்சருக்கு எழுதிக் குடுத்தாச்சா பாருங்க. ஒவ்வொரு லெசன் பிளான்லயும் கைடு டீச்சர் கையெழுத்து இருக்கணும், அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட்ல ஹெச்.எம். கையெழுத்தோட ஸ்கூல் சீலும் இருக்கணும், தேதி ஆரம்பிச்சது முடிஞ்சது ரெண்டும் காலேஜ் ஆர்டரோட ஒத்துப்போகணும். ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ண வீட்டுல வைங்க. ஹெச்.எம். மீட்டிங்னு கல்வி அலுவலகத்துக்கு போயிட்டா அன்னைக்கு திரும்ப வரமாட்டாங்க, அதனால கடைசி நாள் வரைக்கும் வச்சிருக்காம ரெண்டு நாள் முன்னாடியே, காலைல ப்ரேயர் முடிஞ்ச கையோட வாங்கிடுங்க.